சேற்றுக்கு நடுவே ஒரு மைல் கான்கிரீட்

அமெரிக்காவின் லிங்கன் நெடுஞ்சாலையைப் பற்றி எப்போது படித்தாலும் என் மனம் இல்லினாய் மாநிலத்தின் மால்டா என்னும் சிற்றூரில்தான் போய் நிற்கிறது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 3,389 மைலுக்கு மோட்டார் வண்டிகள் செல்ல ஒரே பாதை என்று 1913இல் அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி வெறும் மண்பாதை. திட்டத்தை முன்மொழிந்த கார்ல் ஃபிஷர், கார் முகப்பு விளக்கு வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். அவர் கேட்ட நன்கொடையை ஹென்றி ஃபோர்டு தர மறுத்தார். சாலை போடுவது அரசின் வேலை என்பது ஃபோர்டின் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. பணம் போதாத லிங்கன் நெடுஞ்சாலைச் சங்கத்தார், இலவசமாகக் கிடைத்த சிமெண்ட்டைக் கொண்டு 1914இல் மால்டாவை அடுத்து ஒரே ஒரு மைலுக்குக் கான்கிரீட் போட்டு, அதை ‘நாற்று மைல்’ என்று அழைத்தார்கள். மழைநாளில் சேற்றில் புதைந்து புதைந்து வரும் கார், திடீரென வழவழப்பான தளத்தில் ஏறிச் சில நிமிடம் ஓடிவிட்டு மறுபடியும் சேற்றில் இறங்கும். இறங்குகிற அந்த நொடியில் ஓட்டுநருக்கு வரும் எரிச்சலே பாதை முழுதும் இப்படி வேண்டும் என்று அவரைக் கேட்க வைக்கும் என்றுதான் அவர்கள் நம்பியிருந்தார்கள். 1919இல் வாஷிங்டனிலிருந்து இப்பாதை வழியே மேற்குக் கரைக்குச் சென்ற ராணுவ வாகன அணிக்கு 62 நாள் பிடித்தது. அதில் பயணித்த ஐசன்ஹோவர் என்ற இளம் அதிகாரிதான் 1956இல் குடியரசுத் தலைவராக மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.