ஒரு பவுண்டுக்குத் தொலைபேசிக் கூண்டு

நேற்று இங்கிலாந்தின் சோமர்செட் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் காரை நிறுத்திவிட்டு, சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஒன்றைப் பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மனைவிக்குக் கோபம். கதவை இழுத்தால் நகரவே யோசிக்கிறது. வார்ப்பிரும்புக் கூண்டுக்குத் தேக்குக் கதவு! உள்ளே ஃபோன் இல்லை. நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த மாடலுக்கு கே6 என்று பெயர். ஐந்தாம் ஜார்ஜ் அரியணையேறிய வெள்ளிவிழாவை ஒட்டி, 1935-இல் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குக் கிராமத்துக்காரர்கள் பலருக்கு இந்தச் சிவப்பு பிடிக்கவில்லை. கண்ணை உறுத்துகிறது என்று புகார். அதனால் சில ஊர்களில் சாம்பல் நிறம் அடித்து, கண்ணாடிச் சட்டங்களுக்கு மட்டும் சிவப்பு பூசினார்கள். இப்போதோ கூண்டைத் தூக்க வந்தால் ஊரே திரண்டு வருகிறது! 2,000-க்கும் மேற்பட்டவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கின்றன.

2008 முதல் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம், ஃபோனைக் கழற்றிக்கொண்டு கூண்டை ஒரு பவுண்டுக்கு ஊருக்கே கொடுத்துவிடுகிறது. வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் கிராமத்தில் 2009-இல் அதை நூலகமாக்கிவிட்டார்கள். ஒரு புத்தகம் வைத்துவிட்டு ஒன்று எடுத்துக்கொள்ளலாம், நடுராத்திரியிலும்.

"ஒரு பவுண்டுதானே, நாமும் வாங்கிடலாமா?" என்றேன். ஊராட்சி, அறக்கட்டளை மாதிரி அமைப்புகளுக்குத்தான் தருவார்களாம். இல்லையென்றால் கூண்டு நம் சொந்த நிலத்தில் நிற்க வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரு பால்கனி, அதிலும் பாதி துணி காயப்போட.