நாவிளிம்பு

என் நாக்கின் இடப்பாதி இப்போது என் இடது முன்கையின் தோலால் ஆனது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை; நம்புகிறவர்களின் பார்வை உடனே என் சட்டைக் கைக்குப் போகிறது. கைக்கடிகாரம் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, நான்கு விரற்கடை நீளத்துக்குப் பள்ளமும் பளபளப்புமாக ஒரு வடு இருக்கிறது. அந்தப் பள்ளத்தை மூடிய தோல் தொடையிலிருந்து எடுத்தது. நாக்குக்குக் கை கடன் கொடுத்தது, கைக்குத் தொடை கடன் கொடுத்தது என்று என் மனைவி உறவினர்களுக்கு விளக்குவார்.

2022ஆம் ஆண்டின் கடைசியில், இடப்பக்க நாவிளிம்பில், துவரம்பருப்பு அளவில் ஒரு புண் வந்தது. வீட்டுக்கு அருகிலிருந்த மருத்துவர் கடைவாய்ப் பல் உரசுவதால் வந்தது என்று சொல்லி, வைட்டமின் மாத்திரையும் தடவுவதற்கு ஒரு களிம்பும் கொடுத்தே இரண்டு மாதங்களைக் கடத்தினார். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது, ஏனென்றால் அந்தப் பதில் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. விழுங்கும்போது இடது காதில் வலி தெறிக்கத் தொடங்கிய பிறகே பல் மருத்துவரிடம் போனேன். அவர் பல்லைத் தொடவே இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் திசுப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்று சொல்லி, அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தார். பரிசோதனையில் நாக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

அதன்பின் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “புகையிலை போடுவீர்களா?” என்பதுதான். போட்டதில்லை. ஆனால் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவன், முப்பது ஆண்டுகளாகச் சாப்பாட்டுக்குப் பின் கொழுந்து வெற்றிலையும் சீவலும் சுண்ணாம்பும் போட்டு வந்தவன். எங்கள் வீட்டில் அதை யாரும் பழக்கம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டின் கடைசிப் பகுதி, அவ்வளவுதான். புகையிலை சேராத தாம்பூலமும், ஏன் வெறும் பாக்கும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியிலேயே வகைப்படுத்தியிருப்பதை, மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் படித்தேன். புகையிலை இல்லையே என்று மற்றவர்களுக்கு நான் சொல்லி வந்த சமாதானம் அன்றோடு நின்றது.

2023 பிப்ரவரியில் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. முந்தைய நாள் ஒரு மருத்துவர் வந்து, என் மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடித்து, உள்ளங்கை வெளுத்ததும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். திரும்பியது, ஆகவே ஒரு தமனியைக் கை இழக்கலாம் என்று முடிவாயிற்று. நாக்கில் பாதியையும் கழுத்தின் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டு, முன்கைத் தோலை அதன் இரத்தக் குழாய்களோடு பெயர்த்து, நுண்ணோக்கியின் கீழ்க் கழுத்துக் குழாய்களோடு இணைத்துத் தைத்தார்கள். ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். கண் விழித்தபோது தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய், மூக்கு வழியாக உணவுக்குழாய், கழுத்தில் வடிகுழாய்கள். முதல் சில நாட்கள் இரவெல்லாம் மணிக்கொரு முறை செவிலியர் ஒருவர் வந்து வாய்க்குள் டார்ச் அடித்து, புதிய தோலின் நிறத்தைப் பார்ப்பார். வெளுத்தால் தமனியில் அடைப்பு, நீலம் பாய்ந்தால் சிரையில் அடைப்பு. “ரோஸாத்தான் இருக்குங்கய்யா, தூங்குங்க” என்று அவர் சொல்லிப் போன பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

கதிர்வீச்சு சிகிச்சை முப்பது நாட்கள் நடந்தது. வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் ஆறு வாரம். முகத்துக்கு அச்சாக வார்த்த வலைக் கவசத்தை மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். அந்த ஆறு வாரத்தை எழுதுவதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மிஞ்சியதை மட்டும் சொல்கிறேன்: உமிழ்நீர் பாதிதான் சுரக்கிறது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை; மிளகு ரசத்தைக்கூட மோர் போல் நீர்க்கக் கரைத்துத்தான் குடிக்கிறேன்; இடது கையை உயர்த்திப் பரணில் எதையும் எடுக்க முடியாது; கதிர்பட்ட தாடை எலும்பு எளிதில் ஆறாது என்பதால், கேட்காமல் ஒரு பல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது என்று எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கிறது.

ஒரு வேடிக்கையும் நடந்தது. கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன், நாக்கில் ஏதோ நூல் ஒட்டியிருப்பது போலத் தோன்றிக் கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பாக மூன்று முடிகள். முன்கைத் தோலுக்குத் தான் இடம் மாறிவிட்டது தெரியாதல்லவா? பயந்துபோய் மருத்துவரிடம் காட்டியபோது அவர் சிரித்து, கதிர்பட்டால் உதிர்ந்துவிடும் என்றார். அப்படியே உதிர்ந்தன.

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நாநுனி மேலே வளைந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றும், நாவிளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்தி, அங்கே அண்ணத்தை ஒற்ற லகரமும், வருட ளகரமும் பிறக்கும் என்றும் தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்வதைக் கரும்பலகையில் நாக்குப் படம் வரைந்து எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். வெட்டி எடுத்தது அந்த விளிம்பைத்தான். புதிய பாதியில் அசைவதற்குத் தசை இல்லை. மீந்த பாதி அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். பகரமும் மகரமும் உதட்டில் பிறப்பவை ஆகையால் தப்பின. ழகரம் அடியோடு போய்விட்டது. ‘வாளப்பளம்’ என்று சொன்ன பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த கதையைப் பத்து முறை சொல்ல வைத்தவன் நான். பேச்சுப் பயிற்சியாளர் முதல் நாள் என் கையில் கொடுத்த தாளில் அதே ஏழைக் கிழவன் இருந்தான். எனக்குப் பழம் ‘பயம்’ என்று வந்தது.

வீட்டில் தினமும் இருபது நிமிடம் கண்ணாடி முன் அமர்ந்து பயிற்சி செய்வேன். மற்ற நேரங்களில் ழகரம் வரும் சொற்களைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டேன். மழையை ‘தூறல்’ என்றேன், ‘கீழே’ என்பதற்குக் கையைக் காட்டினேன். பயிற்சியாளர் இதைக் கண்டுபிடித்துக் கோபித்தார். தவிர்த்த சொற்களையெல்லாம் பட்டியல் எழுதி வரச் சொன்னார். இருநூற்றுக்கு மேல் இருந்தன.

இப்போது மூன்றாம் ஆண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்தான் இந்த நோய் திரும்பும் என்பதால், அந்தக் காலத்தில் அடிக்கடி அழைத்தவர்கள், இனி நான்கு மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்கிறார்கள். குணமாகிவிட்டது என்று என் மருத்துவர் சொல்வதில்லை. “இன்றைக்கு நோய் இருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை” என்பதுதான் அவருடைய வாக்கியம். அந்த ‘இன்றைக்கு’ என்னும் சொல்லை அவர் ஒரு முறையும் விட்டதில்லை. உறவினர்களுக்கோ எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் இன்னும் மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே என் விரல் தானாகக் கழுத்துக்குப் போய்த் தடவத் தொடங்கிவிடும். மனைவி எதுவும் பேசாமல் கையைப் பிடித்து இறக்கி விடுவார்.

சென்ற மாதப் பரிசோதனைக்குச் சோழன் விரைவு ரயிலில் போனோம். (இரவில் போனால் உழவன், ழகரம் என்னை விடுவதாக இல்லை.) சிதம்பரத்தில் ஏறி எதிரில் அமர்ந்தவர் பேச்சுக் கொடுத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர் என்றேன். என்ன பாடம் என்றார். மனைவி பதில் சொல்ல வாயெடுத்தார், நான் கையமர்த்தினேன். இரண்டு முறை சொன்னேன். ‘தமிய்’ என்றுதான் வந்தது.

“தமிழா?” என்றார் அவர். ஆமாம் என்று தலையசைத்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் தம் மகனுக்கு இலக்கணம் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது என்று ஆரம்பித்து, பக்கத்தில் இருந்த பையனை என் பக்கம் நகர்த்தி உட்கார வைத்தார். ரயில் விழுப்புரம் சேர்வதற்குள் குற்றியலுகரத்தை முடித்துவிட்டோம்.