பல் டாக்டரை வார்டுக்கும் கூப்பிடலாம்

அப்பாவைப் பக்கவாதத்துக்காக நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஆகாரமெல்லாம் மூக்கு டியூப் வழியாகத்தான். வாய் திறந்தே கிடந்ததில் நாக்கு வறண்டு, மேலண்ணத்தில் பழுப்பாக ஏடு கட்டியிருந்தது. குலசேகரத்திலிருந்து பார்க்க வந்த மாமி, "சாப்பிடாத வாயை என்னத்துக்கு மக்களே தேய்க்கணும்?" என்றார். வார்டில் பலருக்கும் அதே எண்ணம்தான்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு நிமோனியா என்று ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். டியூட்டி டாக்டரிடம் காரணம் கேட்டேன். விழுங்கத் தடுமாறுகிறவர்களுக்கு எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கும், வாயில் இருக்கும் கிருமியும் அதோடு போகும் என்றார். மென்று தின்னாத வாயில் எச்சில் ஊறுவதும் குறைவதால் அழுக்கு இன்னும் சேருமாம். கீழே பல் ஓபி இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரிடம் கேட்டேன். கேஸ் ஷீட்டில் பல் டாக்டர் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினார். அது இல்லாவிட்டால் அவர்களாக வரமாட்டார்கள்.

மறுநாள் பல் டாக்டரும், பல் சுத்தம் செய்யப் படித்த ஹைஜீனிஸ்ட் தங்கச்சி ஒருத்தியும் வந்தார்கள். கீழ் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கழன்றால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றார் டாக்டர். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்ததால், பெரிய டாக்டரிடம் பேசிய பிறகே அந்தப் பல்லைப் பிடுங்கினார்.

தேய்க்கும் விதத்தைத் தங்கச்சிதான் காட்டினாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்தை ஒருபக்கம் சாய்த்து, தாடைக்குக் கீழே துண்டு விரித்தாள். சின்னத் தலை உள்ள மெத்தென்ற பிரஷ், பயறளவு பேஸ்ட். தண்ணீர் ஊற்றவில்லை, சிஸ்டர் சக்‌ஷன் குழாயால் நுரையை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் பிரஷை விட்டதும் கெட்டியான சளி திரளாக வந்தது. "அக்கா, விரலைப் பல்லுக்கு நடுவில வச்சிராதீங்க, தெரியாம கடிச்சிருவாங்க" என்று என் கையைப் பிடித்துச் செய்யவைத்தாள். வார்டு சிஸ்டர்களும் கூடி நின்று பார்த்தார்கள். அத்தனை நோயாளிகளுக்கு நடுவே ஓடுகிற அவர்களுக்கு இதை யாரும் இப்படி நின்று காட்டியதில்லையாம்.

மவுத்வாஷ் தொட்டுத் துடைத்தால் மட்டும் போதாது, பிரஷ்தான் முக்கியம் என்றார் டாக்டர். பிறகு நானும் தேடிப் படித்தேன். 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024-ல் வந்த அலசலில், பல் தேய்த்துவிடப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் தொற்றும் நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. நம் நாட்டில் 1948-ம் ஆண்டு பல் மருத்துவர் சட்டமே ஹைஜீனிஸ்டுக்கு, பல் சுத்தம் செய்வதோடு அதைச் சொல்லிக்கொடுப்பதையும் வேலையாக வைத்தது. அப்படிப் படித்தவர்களை ஓபி நாற்காலியோடு நிறுத்திவிடுவது பெரிய நஷ்டம். பக்கவாத வார்டுக்கும் ஐசியூவுக்கும் அவர்கள் தினமும் ஒரு நடை வரவேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது அட்மிட் ஆனால் ரவுண்ட்ஸ் நேரத்தில் தைரியமாகக் கேளுங்கள். பல்செட் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கழற்றியதை டிஷ்யூவில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும். பெயர் எழுதிய மூடி டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவையுங்கள்.