மூன்றாவது பாயிண்ட்

"சரிங்க ஐயா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்த நான்கு வார்த்தைகளைத்தான் இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2015-ல், மழைக்காலம் தொடங்கும் முன்பு இணைப்பிதழுக்காக நான் எழுதிய பக்கம் அது. 'பாம்பு கடித்தால் செய்ய வேண்டிய 10'. அந்தச் சமயத்தில் வாரத்துக்கு மூன்று பட்டியல்களாவது எழுதுவேன். கூந்தல் உதிராமல் இருக்க 10, கேஸ் சிலிண்டர் மிச்சப்படுத்த 8, மழைக்கு முன் வீட்டில் பார்க்க வேண்டிய 12. எதையும் ஏனோதானோவென்று எழுதியதில்லை. வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதுவது பெரிய கட்டுரையைவிடக் கஷ்டம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கதைக்கும் கவிதைக்கும் கடிதம் போடாதவர்கள்கூட "அந்தப் பக்கம் எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு" என்று எழுதுவார்கள். அது எனக்குப் பெருமை.

பாம்புக்கடிப் பக்கத்துக்காகத் தாலுகா அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவரிடம் பேசினேன். "மொத்தமே நாலு விஷயம்தாங்க" என்றார் அவர். "கடிபட்டவரைப் பயமுறுத்தாதீங்க. கடிச்ச கையோ காலோ அசையாமப் பார்த்துக்குங்க. இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. மத்ததெல்லாம் எங்க வேலை."

பாம்பைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்? அப்படியில்லை என்று பொறுமையாக விளக்கினார். இங்கே உயிரை எடுப்பவை பெரும்பாலும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கும்தான். நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து. கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ கடித்திருந்தால் ரத்தம் உறையாது. கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். கட்டுவிரியன் என்றால் கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. ராத்திரி தரையில் படுத்திருந்தவருக்கு வயிறு வலிக்கும், விடியும்போது இமை தானாகக் கீழே இறங்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். "ஆள் வந்தாப் போதும், பாம்பு வரத் தேவையில்லை" என்றார். இந்த வரியும் என் நோட்டில் இருக்கிறது. இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்படியென்றால் மூன்றாவது பாயிண்ட் எப்படி வந்தது?

முதலில் ஏழுதான் எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாசிரியர் படித்துவிட்டு, "நல்லாருக்கு, பத்தாக்கிடுங்க" என்றார். "டாக்டர் நாலே நாலுதான் சொன்னார் சார், அதையே நான் ஏழாக்கியிருக்கேன்" என்றேன். "குறளே பத்துப் பத்தாத்தானே இருக்கு? எண்ணிக்கை இருந்தாத்தான் மனசுல நிக்கும்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். எனக்கும் அதில் பாதி நம்பிக்கை இருந்தது. அப்புறம், அரைப் பக்கத்தை நிரப்பியாக வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபாரம் அச்சுக்குப் போக வேண்டும்.

மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றுங்கள் என்று ஒன்று சேர்த்தேன். வீக்கம் வந்தால் அவை இறுகிக்கொள்ளும், அதனால் அது சரியானதுதான். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று இன்னொன்று. அதுவும் சரி. பத்தாவதுக்கு எதுவும் தோன்றவில்லை. கடைசியில், "முடிந்தால் தூரத்திலிருந்தே பாம்பின் நிறம், அடையாளத்தைக் கவனியுங்கள்; தேடிப் போகாதீர்கள்" என்று எழுதினேன். இப்போதும் அந்த வாக்கியத்தில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

ஆனால் பக்கத்தில் அது நிற்கவில்லை. ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு சின்னக் கட்டம், கட்டத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வரி. வடிவமைப்பாளர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வரி பிதுங்கி அடுத்த கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நின்றபடி "முடிந்தால்" என்பதை எடுக்கச் சொன்னேன். "தூரத்திலிருந்தே" போயிற்று. இடம் போதாததால் "தேடிப் போகாதீர்கள்" என்பதும் போயிற்று. மிஞ்சியது 'கடித்த பாம்பை அடையாளம் காணுங்கள்'. கச்சிதமாக உட்கார்ந்தது. படிக்கவும் நன்றாக இருந்தது. பாம்புப் படம் இடது பக்கம் இருந்ததால் அந்தக் கட்டத்தை மூன்றாவது இடத்துக்கு நகர்த்தினோம்.

ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பத்தாவதாக வைத்தேன். அதை யாரும் சொல்லவில்லை, என் யோசனைதான். முக்கியமானதை முடிவில் வைத்தால் மனதில் தங்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். கட்டுரைக்கு அது சரி. ஒன்று, இரண்டு என்று எண் போட்ட உடனே அது வரிசையாகிவிடுகிறது. இது முடிந்த பிறகு அது என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். சாம்பாருக்குப் பருப்பு வேகவைப்பதிலிருந்து தாளிப்பது வரைக்கும் நாமே அப்படித்தானே எழுதிப் பழக்கியிருக்கிறோம்? இது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் போன் வந்தது நான்கைந்து மாதம் கழித்து. மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். செஞ்சிப் பக்கத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். வயசானவர் குரல்.

"தம்பி, பாம்புக்கடி எழுதினது நீங்கதானா? நீங்க நல்லா இருக்கணும்பா. எந்தம்பி மவன் பொழச்சிக்கிட்டான்."

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தபோது பையனைக் காலில் கடித்திருக்கிறது. என் பக்கத்தை வெட்டி மோட்டார் கொட்டகைச் சுவரில் கஞ்சிப்பசை போட்டு ஒட்டி வைத்திருந்தாராம். பையனைப் படுக்க வைத்து, பயப்படாதே என்று சொல்லி, காலை அசைக்காமல் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் சரி. ஊர்க்காரர் ஒருவர் கயிறு எடுத்து வந்தபோதுகூட "கட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்று இவர் தடுத்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறுக்கிக் கட்டிக் கால் அழுகிப்போனவர்களைப் பற்றி அந்த டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்புறம் மூணாவது போட்டிருந்தீங்களே, அதும்படி ஆளுங்களை விட்டுப் பாம்பைத் தேடினோம். கெடைக்கல. முக்கா மணி நேரம் ஆச்சு. போர் போட்டிருந்த செடிக்கு அடியில சுருண்டுக்கிட்டு இருந்துச்சு, கண்ணாடிவிரியன். அடிச்சு, கோணியில போட்டு, கையோட எடுத்துக்கிட்டுத்தான் வண்டி ஏறினோம்."

முக்கால் மணி நேரம்!

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். "ஐயா, அது வேண்டாங்க. இனிமே யாரையாவது கடிச்சா பாம்பைத் தேடாதீங்க, உடனே 108-க்குக் கூப்பிடுங்க, அந்த மூணாவதை அடிச்சிடுங்க" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. வாய் வரைக்கும் வந்தது. அவரோ பையன் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததையும், இப்போது நடமாடுவதையும், அவன் அம்மா எனக்காக விளக்கேற்றியதையும் சொல்லிக்கொண்டே போனார். நான் சரிங்க ஐயா என்றேன், ரொம்ப சந்தோஷம் என்றேன்.

ஏன் சொல்லவில்லை? அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். தம்பி மகனைக் காப்பாற்றிய நிம்மதியில் இருக்கிற மனிதரிடம், நீங்கள் முக்கால் மணி நேரத்தை வீணாக்கினீர்கள் என்று எப்படிச் சொல்வது? இது பொய்யில்லை. ஆனால் நன்றி கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது என்பதும் உண்மை. என்னை வாழ்த்திக்கொண்டிருந்தவரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இதில் எது முதலில் வந்தது, எது அப்புறம் வந்தது என்று இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை.

மறுநாள் பொறுப்பாசிரியரிடம் போய், ஒரு திருத்தம் போடலாமா என்று கேட்டேன். பக்கத்தை மறுபடி படித்தார். "பையன் பொழச்சிட்டான், அவங்க நன்றி சொல்றாங்க. அடையாளம் பார்க்கிறது தப்புன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். எதைத் திருத்துறது?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தப்பான தகவல் என்று காட்ட ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. விடுபட்ட வார்த்தைகளுக்குத் திருத்தம் எப்படிப் போடுவது? கோணிக்குள் இருந்தது விரியனாக இல்லாமல், வழியில் அகப்பட்ட, விஷமில்லாத ஒரு சாரையாக இருந்திருந்தால், "சாரைதானே" என்று வண்டியே ஏறாமல் இருந்திருப்பார்களே என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். நடக்காததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அரைப் பக்கம்தானே பிரச்சினை? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை அவர்கள்தான் பாம்பை உயிரோடு பிடித்து, எடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். அதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் பக்கம் அழகாக நிரம்பியிருக்கும். நாலு, நாலாகவே இருந்திருக்கும். அந்த ஆறு மணி அவசரத்தில் தோன்றாதது, ராத்திரி பஸ்ஸில் போகும்போது தோன்றியது.

அடுத்த வருடம் மழைக்கு முன்னால் அதை அப்படியே செய்தேன். 'பாம்பு கடித்தால் நான்கே நான்கு', முதல் கட்டத்திலேயே 108, பக்கத்தில் இருளர் பெட்டிச் செய்தி. நான் எழுதியதில் மிகச் சரியான பக்கம் அதுதான். ஒரு கடிதம் வரவில்லை, ஒரு போன் வரவில்லை. பழைய பத்துதான் அந்த வருடமும் கைபேசியில் சுற்றிக்கொண்டிருந்தது. என் சித்தியே எனக்கு அனுப்பினார். எண்ணிக்கை இருந்தால்தான் மனசுல நிக்கும் என்று பொறுப்பாசிரியர் சொன்னது ஒருவேளை சரியோ என்று அன்றைக்கு யோசித்தேன். கயிறு கட்டாமல் தடுத்ததும் அந்தப் பத்துதான்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் இனி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். செய்தியைப் படித்ததும் பழைய இணைப்பிதழைத் தேடி எடுத்தேன். மூன்றாவது கட்டத்தில் நிறைய வெள்ளை இடம் இருக்கிறது. எழுத்தை ஒரு புள்ளி சின்னதாக்கியிருந்தால் "தேடிப் போகாதீர்கள்" தாராளமாக வந்திருக்கும்.

அவருடைய நம்பர் என்னிடம் இல்லை. அலுவலகத்தின் பழைய லேண்ட்லைனில் வந்த அழைப்பு. செய்தித்தாள் காகிதம் மோட்டார் கொட்டகைச் சுவரில் இரண்டு மழையைக்கூடத் தாங்காது, இந்நேரம் உதிர்ந்திருக்கும் என்று வடிவமைப்பாளர் ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் அந்தப் பெரியவர் சொன்னது, "இப்பல்லாம் அதைப் பார்க்க வேண்டியதே இல்ல தம்பி, பத்தும் மனப்பாடம். ஊர்ப் பசங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்."