தாத்தா துப்பாக்கியும் உப்புத்தாளும்

தாத்தா போன மறுவாரமே அவருடைய ரைபிளை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். லைசென்ஸ் அவர் பெயரில், அவரில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். ‘பழம்பொருளுக்கு லைசென்ஸே வேண்டாம்’ என்று ஊரில் இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். அந்த விலக்கு, ரிப்பேர் பார்த்தாலும் சுட முடியாததற்குத்தான்.

சிக்கல் துப்பாக்கியில் பொறித்த நம்பரில் வந்தது. லைசென்ஸ் புத்தகத்தில் கடைசி இலக்கம் 8, இரும்பில் பார்த்தால் 3 மாதிரி. தேவிபட்டினம் உப்புக்காற்று அப்படி. முந்தின நாள்தான் சித்தப்பா மகன் “தேய்ச்சா பளபளன்னு ஆயிரும்ணே” என்று உப்புத்தாளோடு வந்து நின்றான், நல்லவேளை பிடுங்கிப் போட்டேன், துருவோடு நம்பரும் போயிருந்தால் நான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஸ்டேஷன் மேஜையிலேயே எண்ணெய் தொட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவி மேலாக வழித்ததும் பள்ளத்தில் வெள்ளையாக 8 நின்றது.

லைசென்ஸை என் பெயருக்கு வாங்க வாரிசுச் சான்று, அத்தைமார் சம்மதக் கடிதம், அப்புறம் எட்டு மாதம். அதை விடுங்கள்.

கைக்கு வந்ததும் மதுரையில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். பக்கவாட்டில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய முத்திரை: பி.எஸ்.ஏ. ஆமாம், நம் சைக்கிள் பெயர்தான், 1861இல் பர்மிங்காமில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. லீவரைக் கீழே இழுத்தால் குழலின் பின்வாயை மூடும் அடைப்புக்கட்டை இறங்கி, தோட்டா போட வழிவிடும் மார்ட்டினி வகை. குழலில் கிரீடத்துக்குக் கீழே என்.பி என்ற எழுத்து இருந்தது, புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்ததாம். ஆனால் அது செய்த அன்றைய கணக்கு, இன்றைய துருவுக்கு அது பொறுப்பில்லை என்றார் மெக்கானிக் பெரியவர். குழலில் கம்பி விட்டு அடைப்பு பார்த்தார், தோட்டா உட்காரும் இடத்தை அளந்து .22 லாங் ரைபிள் என்ற சின்னத் தோட்டாவுக்கானது என்று உறுதி செய்தார்.

தம்பிக்குக் கடலைப் பார்த்துச் சுட ஆசை. தண்ணீரில் பட்ட குண்டு தெறித்து எங்கேயோ போகும், .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர்கூடப் பறக்கும், கரைவலைக்காரர்கள் நிற்கிற இடம் வேறு. சுடும் பயிற்சிக்கான ரேஞ்சுக்குத்தான் போனோம்.

முதல் தோட்டாவைக் கையில் பிடித்துச் சுடவில்லை. மேஜையில் இறுக்கிக் கட்டி, பின்னால் தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுத்தார்கள். வெறும் ‘டக்’. ஒருத்தரும் அசையவில்லை, சில தோட்டா தாமதித்து வெடிக்குமாம், குழல் இலக்கைப் பார்த்தபடியே முப்பது நொடி. இரண்டாவது வெடித்தது. வெடித்த தோட்டாவின் கூட்டை எடுத்து விளிம்பில் வீக்கமோ கீறலோ உண்டா என்று பார்த்த பிறகுதான் என் கைக்குத் தந்தார்கள்.

25 மீட்டரில் ஐந்து சுட்டேன். அட்டையில் இரண்டு ஓட்டை. துப்பாக்கியில் குறையில்லையாம், என் கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள்.