அக்கா மகளுடன் ‘குரோனோ டிரிகர்’: செய்து பார்த்த அனுபவம்

வீடியோ விளையாட்டு பதிந்திருக்கும் கேட்ரிட்ஜுக்குள் புதிய பேட்டரி போட்டாகிவிட்டது. ஆட்டத்தைச் சேமித்து, இரவு முழுவதும் மின்சாரத்தை நிறுத்தி வைத்து, காலையில் திறந்து பார்த்தேன். சேமித்தது அப்படியே இருக்கிறது. இனி ‘குரோனோ டிரிகர்’ விளையாட்டை, அது எந்தக் கருவிக்காகப் பிறந்ததோ அந்தக் கருவியிலேயே அக்கா மகளிடம் கொடுக்கலாம்.

அவள் படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில், படிக்கிறாள். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. டியூஷன் இல்லாத இரவுகளில் இங்கே வந்துவிடுவாள். இதுவரை அவள் ஆடியவை எல்லாம் கைப்பேசி விளையாட்டுகள். தினமும் உள்ளே வா, பரிசை வாங்கிக்கொள், நாளை மறுபடியும் வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பவை. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையை, ஆடுபவரின் நேரத்தை மதிக்கும் ஒரு விளையாட்டை அவளுக்குக் காட்ட விரும்பினேன். எனக்குத் தெரிந்தவரை அதில் குரோனோ டிரிகருக்கு மேல் ஒன்றில்லை.

முதலில் வன்பொருள் வேலை. சேகரிப்பாளர் ஒருவரிடம் அமெரிக்கப் பதிப்பு சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுக் கருவியும் கேட்ரிட்ஜும் வாங்கினேன். இந்தக் கருவியின் மின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டுச் சுவரில் வருவது அதைப்போல் இரண்டு மடங்கு. நேராகச் செருகினால் எரிந்துபோகும். அதனால் புடு ஜாலான் பசாருக்குப் போய் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினேன். மின்னணு உதிரிப்பாகம் என்றால் கோலாலம்பூரில் என் கால்கள் தாமாக நடக்கும் தெரு அதுதான். பட்டை வைத்த சிஆர்2032 பேட்டரியையும் அங்கேயே வாங்கினேன்.

பேட்டரி எதற்கு? இந்தக் கேட்ரிட்ஜில் ஆட்டம் 8 கிலோபைட் நினைவகத்தில் சேமிக்கப்படுகிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்த நினைவைக் காப்பது காசு வடிவிலான அந்த மூன்று வோல்ட் பேட்டரி மட்டுமே. முப்பது ஆண்டுகளில் அது தீர்ந்துபோவது இயல்பு. மூடியைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் அளவில் தனித் திருப்புளி வேண்டும், சாதாரணத் திருப்புளி பிடிக்காது. பழைய பேட்டரியைக் கழற்றி, கூட்டல் கழித்தல் பக்கங்களைச் சரிபார்த்து, பட்டைகளின் நுனியை மட்டும் பலகையில் பற்றவைத்தேன். பேட்டரியின் உடலில் சால்டரிங் சூடு படவே கூடாது. பட்டை வைத்ததை வாங்கச் சொல்வது அதனால்தான். செம்பு முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து மூடினேன். படக்குழாய் உள்ள பழைய தொலைக்காட்சி அம்மாவின் அறையில் ஏற்கெனவே இருந்தது, அமெரிக்க வீடியோ முறையையும் அது ஏற்றுக்கொண்டது. இந்த விளையாட்டின் படம் 256க்கு 224 புள்ளிகள்தான். புதிய தட்டைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் கட்டம் கட்டமாகத் தெரியும். படக்குழாயில் அவை ஒன்றோடொன்று கரைந்து, ஓவியர் நினைத்த வண்ணமாக மாறுகின்றன.

இனி விளையாட்டைப் பற்றி. கதையின் திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் புகழ எனக்குத் தெரியாது. ஆடப் போகிறவர்கள் ஆடிவிட்டு வந்து படியுங்கள்.

ஸ்குவேர் நிறுவனம் இதை ஜப்பானில் 1995 மார்ச் 11 அன்று வெளியிட்டது. ‘ஃபைனல் ஃபேன்டசி’யை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, ‘டிராகன் குவெஸ்ட்’டை உருவாக்கிய யூஜி ஹோரி, ‘டிராகன் பால்’ வரைந்த அகிரா தோரியாமா ஆகிய மூவரும் சேர்ந்தார்கள். போட்டி நிறுவனங்களின் இரண்டு பெரும் தொடர்களை வளர்த்தவர்கள் ஒரே விளையாட்டில் கைகோத்தது அன்று நம்ப முடியாத செய்தி. முழு விளையாட்டும் 32 மெகாபிட், அதாவது நான்கு மெகாபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே இன்று அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. அதற்குள் டைனோசர் காலம் முதல் கி.பி. 2300 வரை ஓர் உலகத்தின் வரலாற்றை அடக்கினார்கள்.

முதல் இரவு. கி.பி. 1000, கார்டியா நாட்டின் ஆயிரமாண்டு விழா. திருவிழாத் திடலில் கதாநாயகன் குரோனோ ஒரு பெண்ணின் மேல் மோதுகிறான், அவளுடைய பதக்கம் தெறித்து விழுகிறது. அக்கா மகள் நேராக ஓடிப் பதக்கத்தை எடுத்தாள். மேசையில் யாரோ வைத்திருந்த மதிய உணவை எடுத்துத் தின்றாள். பூனையைத் தொலைத்த சிறுமியைக் கண்டுகொள்ளவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வகை விளையாட்டுகளில் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இந்த விளையாட்டு கேட்கிறது. சில மணி நேரம் கழித்து, அந்தப் பெண்ணை, அதாவது இளவரசி மார்லை, கடத்தியதாகக் குரோனோவை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். விழுந்த பெண்ணைப் பார்க்காமல் பதக்கத்தை எடுத்தாயே, அது ஏன்? கிழவரின் உணவைத் திருடினாயா இல்லையா? ஏழு நடுவர்கள் ஒவ்வொருவராக வந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். அக்கா மகள் கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமா, இதையெல்லாம் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?”

“பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.”

அதற்குப் பிறகு அவள் ஆடிய விதமே மாறிவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து ஒவ்வொருவரிடமும் பேசினாள். அறிவுரை ஒரு வரிகூடச் சொல்லாமல் அந்தக் காட்சி இதைச் செய்துவிட்டது. வழக்கை வென்றாலும் தோற்றாலும் சிறைதான், கதை மாறப்போவதில்லை. ஆனால் நாம் நடந்துகொண்ட விதம் நம் முன் வைக்கப்பட்டுவிட்டது.

சிறையிலிருந்து தப்பி, காலவாசல் ஒன்றின் வழியே 2300ஆம் ஆண்டுக்குப் போய் விழுகிறார்கள். பாழடைந்த உலகம், சாம்பல் நிற வானம், குவிமாடங்களுக்குள் ஒடுங்கிய மனிதர்கள். அங்கே ஓர் இயந்திரம் இருக்கிறது. அதனுள் நின்றால் உடல்நலமும் மந்திர சக்தியும் முழுவதும் திரும்பிவிடும். உடனே ஒரு வரி வருகிறது: ஆனாலும் பசி அப்படியே இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த வரி என்னை உலுக்குகிறது. நம் எண்கள் எல்லாம் நிரம்பியிருக்கும், அங்கே வாழ்பவர்களின் வயிறு மட்டும் நிரம்பாது.

பிறகு பழைய கணினி ஒன்றில் 1999ஆம் ஆண்டின் பதிவைப் பார்க்கிறார்கள். பூமிக்கடியிலிருந்து லாவோஸ் என்னும் அரக்க உயிர் வெடித்துக் கிளம்பி உலகத்தை எரிக்கிறது. குரோனோ, மார்ல், குரோனோவின் தோழி லூக்கா என்ற இந்த மூன்று பிள்ளைகளும் 1000ஆம் ஆண்டைச் சேர்ந்தவர்கள். அந்த நாள் வரும்போது அவர்கள் இறந்து ஒன்பது நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். வீடு திரும்பி நிம்மதியாக வாழ்ந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனாலும் மார்ல் பிடிவாதம் பிடிக்கிறாள், இதை மாற்றியே ஆக வேண்டும் என்று. குரோனோ டிரிகரை நான் இத்தனை ஆண்டுகளாக நேசிப்பதற்குக் காரணம் இதுதான். தாங்கள் ஒருநாளும் சந்திக்கப் போகாத மனிதர்களுக்காக உழைப்பவர்களின் கதை இது. மற்ற எல்லாமே அந்த முடிவிலிருந்துதான் விரிகின்றன.

அதே 2300இல் வரும் வண்டிப் பந்தயம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. விரைவாகக் கடந்துவிட்டோம்.

சண்டை முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதைப் பாத்திரமாகவே மாறி ஆடும் அந்தக் கால ரோல் பிளேயிங் விளையாட்டுகளில் நடந்துகொண்டிருக்கும்போதே திரை மாறி, எங்கிருந்தோ எதிரிகள் வந்து நிற்பார்கள். இங்கே எதிரிகள் பாதையிலேயே கண்ணெதிரில் திரிகிறார்கள். பலரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். சண்டையும் அதே இடத்திலேயே நடக்கிறது. எதிரிகள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். குரோனோவின் சுழல்வெட்டு அருகருகே நிற்பவர்களைச் சேர்த்து வெட்டும், லூக்காவின் தீவீச்சு ஒரே கோட்டில் நிற்பவர்களைச் சுடும். அவர்கள் ஒன்றுசேரும் நொடிக்காகக் காத்திருப்பதா, இப்போதே அடிப்பதா? அந்தத் தவிப்பு எளிய சண்டைக்கும் உயிர் தருகிறது. இருவர் சேர்ந்து செய்யும் தாக்குதல், மூவர் சேர்ந்து செய்யும் தாக்குதல் என்று தோழமையே ஆயுதமாகிறது. குரோனோவும் தவளை வீரன் ஃபிராகும் இருபுறமிருந்து பாய்ந்து வெட்டும் எக்ஸ் வடிவத் தாக்குதலை முதல்முறை கண்டபோது அக்கா மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

இசையை யசுனோரி மிட்சுடா அமைத்தார். ஸ்குவேரில் ஒலி விளைவுகள் செய்துகொண்டிருந்த இளைஞர் அவர். இசையமைக்க வாய்ப்புத் தராவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று சகாகுச்சியிடம் நேராகவே சொன்னார். கிடைத்தது இந்த விளையாட்டு. வயிற்றுப்புண் வந்து மருத்துவமனையில் சேரும் அளவுக்கு உழைத்தார். மீதியிருந்த பாடல்களை நோபுவோ உவெமாட்சு முடித்துக் கொடுத்தார். எட்டே ஒலித்தடங்கள், 64 கிலோபைட் ஒலி நினைவகம். கி.பி. 600இன் வெளியில் நடக்கும்போது ஒலிக்கும் ‘விண்ட் சீன்’ அந்த எட்டுத் தடங்களில்தான் பிறந்தது. கி.மு. 12,000இல் மேகங்களுக்கு மேல் மிதக்கும் சீல் நாட்டுக்குள் நுழைந்ததும் ‘காரிடர்ஸ் ஆஃப் டைம்’ தொடங்கியது. சிதாரைப் போன்ற அந்த ஒலியைக் கேட்டு அம்மா அறையிலிருந்து வெளியே வந்து, உட்கார்ந்து, அக்கா மகள் அந்த நாட்டைச் சுற்றி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. சீல் பகுதிதான் இந்த விளையாட்டின் உச்சம் என்பது என் உறுதியான கருத்து.

கடலடி அரண்மனையில் குரோனோ இறந்தான். கதாநாயகன் செத்துப் போவதைப் பார்த்து அவள் வெகுநேரம் பேசவில்லை. அவனை மீட்காமலேயே கதையை முடிக்கவும் விளையாட்டு அனுமதிக்கிறது என்று சொன்னேன். “அப்படி யாராவது விடுவார்களா?” என்று கேட்டுவிட்டு, மரணச் சிகரம் ஏறி அவனை மீட்டுவந்த பிறகுதான் வீட்டுக்குப் போனாள். வடக்குக் கடல்முனையில், அதுவரை எதிரியாக இருந்த மந்திரவாதி மேகஸைக் கொல்வதா விடுவதா என்ற கேள்வியில் அவள் வாளை எடுக்கவில்லை. அவனும் நம் கூட்டத்தில் சேர்ந்தான்.

அதன் பிறகு வரும் கிளைக் கதைகள்தாம் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கி.பி. 600இல் பாலைவனமாகிக் கிடக்கும் நிலத்தில் காடு வளர்க்க ஆசைப்படுகிறாள் ஃபியோனா. அது ஓர் ஆயுளில் முடியும் வேலையில்லை. இயந்திர மனிதன் ரோபோ, நான் இருந்து செய்கிறேன் என்று நின்றுவிடுகிறான். நாம் கால ஊர்தியில் 1000ஆம் ஆண்டுக்குப் போகிறோம், நமக்கு ஒரு நொடி. அவன் அங்கே நானூறு ஆண்டுகள் உழைத்திருக்கிறான். பாலைவனம் இருந்த இடத்தில் காடு நிற்கிறது. பாட்டன் நட்ட தென்னையில் பேரன் இளநீர் குடிப்பதைப் போல, அவன் நட்டதன் நிழலில் அன்றிரவு எல்லோரும் தீ மூட்டி உட்காருகிறார்கள்.

அதே இரவில் லூக்கா தனியாக எழுந்து தன் சிறுவயதுக்குப் போகிறாள். அவளுடைய தாய் லாராவின் கால்கள் இயந்திரத்தில் சிக்கிய நாள் அது. இயந்திரத்தை நிறுத்தும் சொல் தாயின் பெயர்தான்: கட்டுப்பாட்டுக் கருவியில் எல், ஏ, ஆர், ஏ என்ற பொத்தான்களை நேரத்துக்குள் அழுத்த வேண்டும். தவறினால் தாய் வாழ்நாள் முழுவதும் நடக்க மாட்டாள். கதையும் அப்படியே தொடரும். அக்கா மகள் சரியாக அழுத்தினாள். மறுநாள் லூக்காவின் வீட்டுக்குப் போய் லாரா எழுந்து நடப்பதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்கு நகர்ந்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிலவுக்கல்லை ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வெயிலில் வைத்தால், 2300இல் அது சூரியக்கல்லாகிவிடும். ஆனால் போய்ப் பார்த்தால் கல்லைக் காணவில்லை; 1000ஆம் ஆண்டில் ‘போர்’ (Porre) என்ற பெயருள்ள ஊரின் தலைவர் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். பேராசைக்காரர், தர மாட்டார். சண்டையிட்டுப் பறிக்க வழியில்லை. செய்ய வேண்டியது இதுதான்: 9,900 பொன் கொடுத்து உப்புக்கண்டம் வாங்கி, நானூறு ஆண்டுகள் பின்னே போய், அவருடைய மூதாதையர் வீட்டுப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். அவள் 10,000 பொன் தருவதாகச் சொல்கிறாள். வாங்கினால் நூறு பொன் லாபம், கல் கிடைக்காது. வேண்டாம் என்று இனாமாகக் கொடுத்தால், அந்தத் தாய் தன் பிள்ளைகளையும் அப்படியே வளர்க்கிறாள். திரும்பி வரும்போது ஊர்த் தலைவர் கொடையாளி, கல்லைத் தானே எடுத்துத் தருகிறார். அக்கா மகளிடம் அப்போது பொன் குறைவு. ஆனாலும் இனாமாகக் கொடுத்தாள். நீதிமன்றம் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை நான் அங்கே பார்த்தேன்.

லாவோஸ் வீழ்ந்துவிட்டது, ஒரு முடிவைப் பார்த்துவிட்டோம். இப்போது வலிமையும் ஆயுதங்களும் கையிலிருக்க, கதையை முதலிலிருந்து தொடங்கும் முறையில் ஆடுகிறோம். லாவோஸை எந்தக் கட்டத்தில் வீழ்த்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உண்டு. விழாத் திடலிலிருந்தே நேராகப் போய் வென்றால், உருவாக்கியவர்களே பாத்திரங்களாக நின்று பேசும் ஒரு முடிவு இருக்கிறது. 2024 மார்ச்சில் மறைந்த தோரியாமாவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று சொன்னதிலிருந்து, அதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். அதற்குள் பள்ளித் தேர்வு வருகிறது. தேர்வு முடிந்த மறுநாள் இரவு என்று அக்காவிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம்.