கணிதம், நிதி, பொருளியல் சேர்ந்த பட்டம்: பிரிட்டனில் மூன்று ஆண்டுகளைக் கடப்பது எப்படி

கணிதத்தோடு பொருளியலையும் நிதியியலையும் சேர்த்துப் படிக்கும் மூன்றாண்டுப் பட்டம் பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. வங்கி வேலைக்கான படிப்பு, கொஞ்சம் கணக்கும் இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் முதல் பருவத்திலேயே திணறிப்போகிறார்கள். இது அடிப்படையில் கணிதப் படிப்பு. முடித்துவிட்டு வந்த நாங்கள் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: மூன்றாம் ஆண்டுப் பாடங்களின் பட்டியலை முதலில் எடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்து மற்ற இரண்டு ஆண்டுகளைத் திட்டமிடுங்கள்.

ஆண்டுக்கு 120 கிரெடிட், மொத்தம் 360. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆகவே 15 கிரெடிட் மாட்யூல் (ஒரு தனிப் பாட அலகு) என்றால் 150 மணி நேரம், அதில் விரிவுரை சிறு பங்குதான். பட்டத்தின் பெயரில் 'வித்' என்று இருந்தால் பெரும்பாலும் முக்கால் பங்கு கணிதம், 'அண்ட்' என்று இருந்தால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. பெயரை மட்டும் நம்பாமல் எந்தெந்த மாட்யூல்கள் கட்டாயம் என்று பார்த்துவிடுங்கள். பொருளியல் பெயரில் இருந்தும், இரண்டாம் ஆண்டு எகானமெட்ரிக்ஸ் (பொருளியல் உறவுகளைத் தரவைக் கொண்டு அளவிடும் பாடம்) விருப்பப் பாடமாக மட்டும் இருக்கும் இடங்கள் உண்டு. அதை விட்டவருக்கு மூன்றாம் ஆண்டில் பாதிக் கதவுகள் திறக்காது.

விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகத்தான். ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் தனிப்பட்ட அறிக்கை ஐந்துக்கும் ஒன்றே. மூன்று இடத்தில் தனிப் பொருளியல், இரண்டு இடத்தில் கணிதம் சார்ந்த பட்டம் என்று கலந்து போட்டால் அந்த அறிக்கை இரண்டு பக்கமும் ஒட்டாமல் போகும். ஐந்தையும் ஒரே வகையாக வைப்பது நல்லது. 2026 சேர்க்கையிலிருந்து அறிக்கை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொத்த வரம்பு பழையபடியே 4,000 எழுத்துகள்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிகவியல் பிரிவில் வணிகக் கணிதம் படித்திருந்தால், கணிதம் என்று தாங்கள் கேட்பது அதுவல்ல என்று பல துறைகள் சொல்லிவிடும். பணம் கட்டுவதற்கு முன்பே பாடத்திட்டத்தை இணைத்து மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ, வார்விக், டர்ஹம் ஆகியவை சில பட்டங்களுக்கு டிஎம்யுஏ என்ற கணித நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. 75 நிமிடத் தாள்கள் இரண்டு, தாளுக்கு 20 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது, தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. யூகாஸ் படிவம் போட்டால் இதுவும் சேர்ந்து நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பதிவு தனி, அது தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்பே மூடிவிடும். நம் பிள்ளைகள் முதல் தாளை வேகத்தால் சமாளித்துவிடுவார்கள். இரண்டாம் தாள் தர்க்கம். 'இது நடந்தால் அது நடக்கும்' என்பதையும் 'அது நடக்க இது தேவை' என்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சியை வீணென்று நினைக்காதீர்கள், முதல் ஆண்டு முழுக்க அதுதான் சோறு போடும்.

முதல் ஆண்டில் பலரைச் சாய்ப்பது அனாலிசிஸ், அதாவது நுண்கணிதத்தை நிறுவல்களோடு படிக்கும் பாடம். பள்ளியில் எல்லை மதிப்பைக் கண்டுபிடித்தோம், இங்கே அது எல்லைதான் என்று நிறுவ வேண்டும். எந்த எப்சிலான் (எல்லைக்கு எவ்வளவு நெருங்க வேண்டும் என்ற அளவு) கொடுத்தாலும் அதற்கேற்ற ஒரு டெல்டா (மாறி எவ்வளவு நெருங்கினால் போதும் என்ற அளவு) உண்டு என்பது வரையறை. இந்த வரிசையை மாற்றி, எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும் ஒரே டெல்டாவைத் தேடுவது விடைத்தாள்களில் அடிக்கடி வரும் தவறு. சொற்களின் வரிசை மாறியதும் கூற்றே வேறாகிவிடுகிறது, மதிப்பெண்ணும் போய்விடுகிறது. வாராந்தர வினாத்தாளின் விடை வெளியான பிறகு அதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும் என்று இருப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. படிக்கும்போது எல்லாம் புரியும், வெற்றுத் தாளில் முதல் வரி வராது. விடையைப் பார்த்துவிட்டால் மறுநாள் அதை மூடிவைத்துவிட்டு முழுவதும் திரும்ப எழுதுங்கள்.

அதே ஆண்டில் வரும் வட்டிக் கணக்கு எளிது, கவனம் மட்டும் வேண்டும். ஆண்டுக்கு 12 சதவீதம், மாதந்தோறும் கூட்டுவட்டி என்றால் மாதம் 1 சதவீதம், ஆண்டு முழுவதற்கும் உண்மையில் 12.68 சதவீதம். மாதத் தவணைக் கேள்வியில் ஆண்டு விகிதத்தை அப்படியே போட்டுவிட்டு மொத்தத்தையும் இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

முதல் ஆண்டு மதிப்பெண் பல இடங்களில் பட்டத்தின் இறுதிக் கணக்கில் சேராது, நூற்றுக்கு 40 வாங்கினால் தேர்ச்சி. அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கையில் இருப்பது அந்த மதிப்பெண் மட்டும்தான். முதல் ஆண்டு மாணவர்களுக்கென்று நிறுவனங்கள் நடத்தும் 'ஸ்பிரிங் வீக்' விண்ணப்பங்களோ, நீங்கள் விடுதியில் பெட்டியைப் பிரிக்கும் இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடும்.

இரண்டாம் ஆண்டில் மூன்று துறைகளும் ஒன்றோடொன்று இணையத் தொடங்கும். எகானமெட்ரிக்ஸில் ஒரு சின்ன எடுத்துக்காட்டு. காலாண்டு விற்பனைத் தரவுக்கு நான்கு காலாண்டுகளுக்கும் தலா ஒரு டம்மி மாறி (அந்தக் காலாண்டில் 1, மற்றவற்றில் 0) வைத்து, மாறிலியையும் சேர்த்துவிட்டால் மாதிரியைக் கணக்கிட முடியாது. நான்கு நெடுவரிசைகளின் கூட்டல் மாறிலி நெடுவரிசைக்குச் சமம். ஆகவே நெடுவரிசைகள் நேரியல் சார்புடையவை, தலைகீழ் அணி கிடையாது. முதல் ஆண்டு நேரியல் இயற்கணிதம்தான் இங்கே பேசுகிறது. ஆர், ஸ்டேட்டா போன்ற மென்பொருள்கள் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல் ஒரு மாறியை விட்டுவிட்டு விடை தந்துவிடும். எது விடுபட்டது என்று பார்க்காமல் அறிக்கை எழுதினால் விளக்கம் முழுவதும் தவறாகும்.

காலத்தொடர் தரவில் இன்னொரு குழி. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு சமவாய்ப்பு நடைகளை (ஒவ்வோர் அடியும் தற்செயலாக அமையும் தொடர்கள்) ஒன்றின் மேல் ஒன்று ரெக்ரஷன் செய்தாலும், அதாவது ஒன்றைக் கொண்டு மற்றதை விளக்கப் பார்த்தாலும், பெரும்பாலும் 'முக்கியத் தொடர்பு' இருப்பதாக வரும். கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-இல் காட்டியது இது. ஆரில் சில வரி எழுதி நீங்களே செய்து பார்க்கலாம், ஒருமுறை பார்த்தால் மறக்காது. பங்கு விலையை விட்டுவிட்டு விலை மாற்றத்தை எடுக்கச் சொல்வதன் காரணம் அப்போதுதான் உறைக்கும்.

மூன்றாம் ஆண்டின் மையம் ஆப்ஷன் விலையிடல். ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலைக்குப் பின்னொரு நாளில் வாங்கும் அல்லது விற்கும் உரிமை. பிளாக்கும் ஷோல்ஸும் 1973-இல் வெளியிட்ட சூத்திரத்தை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. 1979-இல் காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் தந்த பைனாமியல் மாதிரியில் ஒரு படியைக் கையால் போட்டுவிட்டுத்தான் அதற்குப் போக வேண்டும். பங்கு விலை 100. ஓராண்டில் 120 ஆகலாம் அல்லது 90 ஆகலாம். வட்டி 5 சதவீதம். ஆண்டு முடிவில் 105-க்கு வாங்கும் உரிமை தரும் 'கால்' (call) ஆப்ஷனின் விலை என்ன?

விலை ஏறினால் ஆப்ஷன் 15 தரும், இறங்கினால் ஒன்றும் தராது. அரைப் பங்கு வாங்குங்கள், 42.86 கடன் வாங்குங்கள். ஆண்டு முடிவில் திருப்ப வேண்டியது 45. ஏறினால் அரைப் பங்கு 60, கடன் போக 15. இறங்கினால் 45, கடன் போக ஒன்றுமில்லை. ஆப்ஷன் தரும் அதே தொகை. இதற்குக் கைப்பணம் 50 கழித்தல் 42.86, அதாவது 7.14. ஆகவே ஆப்ஷனின் விலையும் 7.14.

விலை ஏற 70 சதவீத வாய்ப்பு என்று கேள்வியில் ஒரு வரி கூடுதலாக இருந்தால் பலரும் அதை எடுத்து, 15-ஐ 0.7 ஆல் பெருக்கி, 1.05 ஆல் வகுத்து 10 என்று எழுதிவிடுவார்கள். அந்த விலைக்கு யாராவது வாங்கத் தயாராக இருந்தால், அவருக்கு ஆப்ஷனை 10-க்கு விற்று, 7.14-இல் அதே வரவைத் தயார் செய்துகொண்டு, மீதி 2.86-ஐ எந்த ஆபத்தும் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். சந்தையில் அது நிலைக்காது. இங்கே வேலை செய்யும் நிகழ்தகவு 0.5, அது 100, 120, 90, 5 சதவீதம் என்ற எண்களிலிருந்து மட்டுமே பிறக்கிறது. இந்தப் பத்தி புரிந்தவருக்கு மார்ட்டிங்கேல் (அடுத்த மதிப்பின் எதிர்பார்ப்பு இன்றைய மதிப்பாகவே இருக்கும் தொடர்) பாடம் பாதி முடிந்தது.

அடுத்து வரும் இட்டோ கணிதத்தில் (சமவாய்ப்பாக நகரும் அளவுகளுக்கான நுண்கணிதம்) டெய்லர் விரிவின் இரண்டாம் படி உறுப்பைத் தூக்கி எறிய முடியாது, பிரௌனிய இயக்கத்தில் (இடைவிடாமல் நடக்கும் சமவாய்ப்பு நடை) நகர்வின் வர்க்கங்களைக் கூட்டினால் அது கழிந்த நேரத்துக்கே சமமாகிறது. விளைவு நடைமுறையில் பெரியது: சராசரி வருமானம் 10 சதவீதம், ஏற்ற இறக்கம் 20 சதவீதம் என்றால் மடக்கை வளர்ச்சி 8 சதவீதம்தான். ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தில் பாதியான 2 சதவீதம் கழிகிறது. இதைத் தெளிவாகக் காண, இரண்டாம் ஆண்டில் நிகழ்தகவு மாட்யூலை எடுத்திருக்க வேண்டும். நிபந்தனை எதிர்பார்ப்பு (இதுவரை தெரிந்ததை வைத்துக் கணக்கிடும் சராசரி) தெரியாமல் இங்கே வந்தவர்கள் குறியீடுகளை நகல் எடுத்துக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறோம்.

ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் இடரைக் கணக்கிடும் நிபுணர்) ஆக விரும்புகிறவர்கள் முதல் ஆண்டிலேயே துறை அலுவலகத்தில் ஒரு பட்டியல் கேட்க வேண்டும். சிஎஸ்1 (CS1), சிஎம்1 (CM1), சிபி1 (CB1), சிபி2 (CB2) போன்ற தொழில்முறைத் தாள்களுக்கு எந்த மாட்யூல்கள் விலக்கு தரும், அதற்கு எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று அதில் இருக்கும். ஒரு தாளுக்கு இரண்டு மூன்று மாட்யூல்களை ஒன்றாகக் கணக்கிடும் இடங்கள் உண்டு. தேவையான மதிப்பெண் வெறும் தேர்ச்சி மதிப்பெண்ணைவிட அதிகமாக இருக்கும். கூட்டணியில் ஒரு மாட்யூலை எடுக்காமல் விட்டது மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால் திரும்பிப்போய் எடுக்க வழியில்லை, அந்தத் தாளைப் பட்டம் முடித்த பிறகு எழுத வேண்டியிருக்கும்.